நசுங்காத பெட்டி

காபி மெஷின் பழுது பார்க்கிற பல்கீஸுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் அருளப்பன். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். பார்சல் ஆபீசில் பதினேழு வருஷம் பெட்டி இறக்கியவர், தோள் மூட்டு போனதும் இங்கே வந்து சேர்ந்தார்.

அன்று காலை தவமணி புது மெஷினோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மறுநாள் அவளுடைய காபிக் கடை திறப்பு. மெஷினுக்குச் சந்தனப் பொட்டுகூட வைத்தாகிவிட்டது.

"ஒரு கீறல் இல்லக்கா. வந்த பெட்டியும் நசுங்கல. பத்தரை வரைக்கும் நல்ல நேரம். சுவிட்சைப் போட்டுக் காட்டுங்க, போதும்."

பல்கீஸ் பிளக்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணே, கழட்டுங்க."

"புதுசை எதுக்குக் குருவே கழட்டணும்?" என்றார் அருளப்பன். "பளபளன்னு இருக்கே."

"பார்சல் ஆபீசுல பெட்டிய எப்படி இறக்குவீங்க?"

"எறிவோம்."

"நசுங்காதா?"

"நசுங்கினா மேஸ்திரி திட்டுவாரு. நசுங்காம எறியுறதுலதான் கெட்டிக்காரத்தனமே இருக்கு. அதுல என்னை அடிச்சுக்க..."

பெருமையாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்தார்.

மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. பாய்லரைத் தாங்குகிற இரும்புப் பட்டை ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. அந்த இழுப்பில் குழாயின் நட்டு நெகிழ்ந்திருந்தது. நட்டுக்கு நேர் கீழே கரண்ட் ஒயர்.

தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, திருப்பி அனுப்பினா பதினஞ்சு நாள் ஆகுமே! நாளைக்குக் கடை திறக்கணும்க்கா!"

"அதான் அண்ணன் இருக்காருல்ல," என்றாள் பல்கீஸ். அவள் கை வைக்கவே இல்லை.

அருளப்பன் பட்டையைக் கழற்றி, வைஸ் இடுக்கியில் பிடித்து நிமிர்த்தினார். தோள் விண்ணென்று தெறித்தது. பட்டையைத் திரும்பப் பூட்டி, புது வாஷர் போட்டு நட்டை முடுக்கினார். தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தார்.

மணி பதினொன்று. தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை.

பல்கீஸ் பிளக்கை நீட்டினாள். "இப்ப நல்ல நேரம்."

ஆவி சீறிக்கொண்டு வந்தது. தவமணி மெஷினுக்கும் அருளப்பனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி." குருவே என்று கூப்பிட வாய் வரவில்லை. "நான் எறிஞ்சதெல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

பல்கீஸ் தன் கடைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணொண்ணா ரிப்பேருக்கு வரும், அண்ணே. நாளையிலிருந்து நீங்க நம்ம கடையைத் திறங்க."