ஏழாவது மாடத்து வளையல்

அந்த மடத்தில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது. யார் வந்தாலும், அன்றைக்கு என்ன வேலை நடக்கிறதோ அதில் உட்கார வேண்டும். வேலை செய்துகொண்டே கேட்கலாம்.

ஆவுடைநாயகம் வந்த அன்றைக்குப் புளி. முற்றத்தில் குவிந்து கிடந்தது. மடத்து அம்மா ஒரு கல்லை வைத்துக்கொண்டு தட்டித் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வயதில் ஆவுடைநாயகம்தான் மூத்தவர், ஏறக்குறைய இருபது வருஷம். ஆனாலும் வெகுகாலமாக இந்த அம்மாவைத்தான் குருவாக நினைத்து வந்து போகிறார்.

அம்மா அவர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார்.

"வாங்க ஐயா. கட்டு பெருசா இருக்கே. பலகாரமா?"

"நாவல், அம்மா."

"எந்தக் கோயில்?"

கேட்டதில் தப்பில்லை. அவர் அதுவரை எழுதியதெல்லாம் தலபுராணம். சுற்றுவட்டாரத்துக் கோயில் வாசல்களில் தேங்காய்க் கடையோரம் தொங்குகிற சிறு புத்தகங்கள்.

"கோயில் இல்ல." ஒரு புளியை எடுத்தார், வைத்தார். "ஆணும் பொண்ணும் கூடிக் கிடக்குற கதை."

அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை.

"சரி. சுளகை இந்தப் பக்கம் இழுத்துக்கோங்க."

தட்டத் தொடங்கியதும் அவருக்குப் பேச்சு வந்தது. மனைவி கோமு ஐப்பசியில் போனாள். காரியம் முடிந்த கையோடு எழுத உட்கார்ந்தார். ஏன் இதை எழுதுகிறோம் என்று கேட்டுக்கொள்ளக்கூட நேரமில்லாமல் அது பாட்டுக்கு வந்தது. மதுரையில் ஒரு பதிப்பகத்தார் படித்துவிட்டு, இந்த வாரத்துக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்கிறார். மகள் செண்பகா ஊருக்கு வந்தவள், மேசையில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். அம்மா போய் வருஷம் திரும்பவில்லை, இந்த வயதில் உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டாள். இது புத்தகமாக வந்தால் இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கோபம் தணிந்தால் மகள் வந்துவிடுவாள். அவள் கேட்ட கேள்விதான் போக மாட்டேன் என்கிறது. அவள் சொன்னதுதான் நிஜம் என்றால், செத்துப்போனவளுக்குத் துரோகம் செய்தாகிவிட்டது. அப்படியானால் கட்டு இங்கேயே மடத்து அடுப்பில் போகட்டும்.

"நான் ஏன் எழுதுனேன்னு எனக்குத் தெரியணும், அம்மா."

"எழுதுன கை உங்க கை. நீங்களே சொல்லுங்க."

அவர் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். அந்தக் காலத்தில் நம்மவர்கள் இதையெல்லாம் எவ்வளவு அழகாகப் பாடினார்கள். இன்றைக்குச் சாக்கடையாகிவிட்டது. தமிழில் அதை மறுபடி ஒருவன் தூக்கி நிறுத்த வேண்டாமா?

அம்மா அவர் சுளகிலிருந்து ஒரு புளியை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தார். கொட்டை உள்ளேயே இருந்தது. அதை அவர் முன்னால் திருப்பி வைத்தார்.

"தமிழ் உங்களத் தேடி வந்து அழுதுச்சாக்கும்."

ஆவுடைநாயகம் எழுந்தார். அடுப்படி வாசல் வரை நடந்தார். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இத்தனை வருஷம் எழுதியதை யாரும் படித்ததில்லை என்று சொன்னார். விபூதி மடிக்கத்தான் கிழித்தார்கள். ஒரு தடவையாவது நாலு பேர் கண்ணெடுக்காமல் படிக்க வேண்டும் என்று ஆசை.

"இது கொஞ்சம் தேவல," என்றார் அம்மா. அடுத்த புளியையும் திருப்பி வைத்தார். அதிலும் கொட்டை.

அவர் மறுபடி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப என் மக சொன்னதுதான். கிழட்டு அரிப்பு."

அம்மா கல்லைக் கீழே வைத்தார்.

"வாசிங்க."

"அம்மா, இதையா?"

"எதை வாசிக்க ரொம்பக் கூசுதோ, அதை. நானும் குடித்தனம் பண்ணிட்டு வந்தவதான்."

அவர் கட்டை அவிழ்த்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். கதை ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று முதலில் சொன்னார். கடற்கரைப் பட்டினம். சித்திரவல்லி என்று ஒரு நாட்டியக்காரி. உற்றார் உறவு கிடையாது. ஏழு நிலை மாளிகையில் தனியாக இருக்கிறாள். அவளைத் தேடி ஒரு வணிகன் வருகிறான்.

படித்தார். சந்தனம் வந்தது, அகில் புகை வந்தது, முத்து மாலை அறுந்து உருண்டது. அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை கொட்டாவி விட்டார்.

"'அவனை நெருங்கும் முன் அவள் தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள்...'"

"நில்லுங்க. எதுக்குக் கழத்துனா?"

"சத்தம் கேக்கும்லா, அம்மா."

"யாருக்கு?"

ஆவுடைநாயகம் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"வேலைக்காரங்க?"

"கீழ அனுப்பியாச்சு."

"பக்கத்துல?"

"கடல்."

காகிதம் ஆவுடைநாயகத்தின் மடியில் சரிந்தது.

தென்காசியில் அவரும் கோமுவும் குடியிருந்தது ஒற்றை அறை. நடுவில் ஒரு சாக்குப் படுதா. படுதாவுக்கு அந்தப்புறம் அவருடைய தாயார், இருமிக்கொண்டே தூங்குகிறவள், தூக்கத்தில் ஊசி விழுந்தாலும் யாரது என்பவள். கோமு இருட்டில் வளையலைக் கழற்றுவாள். ஒன்றோடொன்று படாமல் தலையணைக்கு அடியில் வைப்பாள். தாயார் காலமானாள். அப்புறம் படுதாவுக்கு அந்தப்புறம் செண்பகா படுத்தாள். செண்பகா கல்யாணமாகிப் போன பிறகும் கோமுவின் கை தானாக வளையலுக்குத்தான் போயிற்று. இனி யாருக்குடி கேட்கும் என்று அவர் சிரித்தால், கை பழகிட்டு என்பாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, சுமங்கலி என்று தெருப் பெண்கள் இரண்டு கை நிறைய வளையல் அடுக்கினார்கள். பாடை அசைய அசைய அது குலுங்கியது. முன்னால் நடந்துபோனவருக்கு ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது.

ஆவுடைநாயகம் காகிதங்களைச் சேர்த்துக் கட்டினார்.

"அடுப்புல போடவா, அம்மா?"

அம்மா கல்லை எடுத்துக்கொண்டார். ஒரு புளியைத் தட்டினார்.

"அம்மாம் பெரிய மாளிகை கட்டிக் குடுத்திருக்கீங்க. பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. இங்கனயாவது வளையலக் கழத்தாதன்னு அவகிட்டச் சொல்லுங்க, ஐயா."