எருமைகள் ஏன் ஓடின?

ஏரிக்கரைப் புல்லில் ஒரு காடை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. மேட்டுக்காட்டில் மேயும் எருமைகள் பொழுது சாய்ந்தால் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்கும். அசைபோட்டபடி மெதுவாக வந்து, காடையின் கூட்டைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் என்ன வந்ததோ, அத்தனை எருமையும் வாலைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தன! புழுதி அடங்கியபோது பாதி முட்டைகள் கூழாகிக் கிடந்தன.

காடை அழுதது. அழுதுகொண்டே மிச்ச முட்டைகளைச் சிறகால் மூடிக்கொண்டது.

"நாளைக்கும் ஓடினால் இதுவும் போச்சே! வேறு இடம் போகலாமென்றால், முட்டையைத் தூக்க எனக்குக் கையா இருக்கிறது? ஏன் ஓடினார்கள் என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்?"

அந்தக் காட்டில் காரணம் சொல்வதற்கென்றே இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒன்று கொக்கு, ஒன்று குரங்கு. நடுவே ஓர் ஓணான் உட்கார்ந்திருக்கும். யார் பேசினாலும் தலையாட்டும். அதற்கு வேறு வேலை கிடையாது.

மறுநாள் காலை காடை அவர்களிடம் ஓடியது. முட்டைகள் ஆறிப்போவதற்குள் திரும்ப வேண்டுமே என்று அதற்குப் பதைப்பு.

"ஐயா, எருமைக் கூட்டம் ஏன் ஓடியது?"

கொக்கு ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டது. "கூட்டமா? நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை! அங்கே ஓர் எருமை, இங்கே ஓர் எருமை, அவ்வளவுதான். இல்லாத கூட்டம் எப்படி ஓடும்?"

ஓணான் தலையாட்டியது.

"சுத்தப் பேத்தல்!" என்று குரங்கு கிளையிலிருந்து குதித்தது. "கூட்டம்தான் உண்மை. தனி எருமை என்பது வெறும் தோற்றம்!"

ஓணான் அதற்கும் தலையாட்டியது.

"கூட்டமும் இல்லை, எருமையும் இல்லை என்றால், என் முட்டையை மிதித்தது யாருங்க?" என்றது காடை.

"அருமையான கேள்வி!" என்று இருவரும் பூரித்துப் போனார்கள்.

பிறகு குரங்கு தொண்டையைச் செருமியது. "பயனைப் பார், காடையே! முட்டை உடைந்தால் எறும்புக்குத் தீனி. எறும்பு பெருகினால் மண் இளகும். மண் இளகினால் புல் வளரும். புல்லை யார் தின்பது? எருமை! ஆக, புல் வளர்ப்பதற்காகவே அவை ஓடியிருக்கின்றன!"

"என் பிள்ளைகளை மிதித்தா புல் வளர்க்கணும்?" காடைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எருமைகளையே கேட்டீங்களா?"

"கேட்டேனே!" என்றது கொக்கு. "'எந்த உயர்ந்த காரணத்துக்காக ஓடினீர்கள்?' என்று கேட்டேன். ஒருத்தி வீரம் என்றாள். ஒருத்தி குலவழக்கம் என்றாள். ஒருத்தி உடற்பயிற்சி என்றாள்."

உடற்பயிற்சியாம்! எருமையாவது, உடற்பயிற்சி செய்வதாவது! இவர்களிடம் நின்றால் வேலைக்காகாது என்று காடை கிளம்பிவிட்டது.

முட்டைகளுக்குக் கொஞ்ச நேரம் சூடு கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் மறுபடி புறப்பட்டது. எருமைகள் மேட்டுக்காட்டுக் குட்டைச் சேற்றில் அமிழ்ந்து கிடந்தன. எப்போதும் முன்னால் நடக்கும் சப்பைக்கொம்பி என்ற எருமையின் காதருகே போய் உட்கார்ந்தது.

"அக்கா, நான் சண்டைக்கு வரலை. சத்தியமாச் சொல்லுங்க. நேத்து எதைப் பார்த்து ஓடினீங்க?"

சப்பைக்கொம்பி அக்கம்பக்கம் பார்த்தது. குரலைத் தாழ்த்தியது. "யாரிடமும் சொல்லிடாதே. நான் ஒண்ணையும் பார்க்கலை. பின்னால் எல்லாரும் ஓடி வந்தாங்க. புலியைப் பார்த்திருப்பாங்கன்னு நானும் ஓடினேன். அந்தக் கொக்கு 'உயர்ந்த காரணம்'னு கேட்டதா, வெட்கமாப் போச்சு. வீரம்னு சொல்லிட்டேன்."

காடை கடைசியில் வரும் எருமையிடம் போனது. "நான் எங்கே பார்த்தேன்? முன்னால் போனவங்க ஓடினாங்க. சப்பைக்கொம்பி விவரமானவ, சும்மா ஓடுவாளா?" என்றது அது.

நடுவில் வரும் எருமையோ, "முன்னாலும் ஓடுறாங்க, பின்னாலும் ஓடுறாங்க. நின்னா நசுங்கிடுவேனே!" என்றது.

காடை பறந்து போய் சப்பைக்கொம்பியின் கொம்பில் நின்றது. "அடப் பாவிகளா! என் காதில் சொன்னதை எல்லார் முன்னாலும் சொல்லுங்க!"

எருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சேறு மட்டும் குமிழியிட்டது. கடைசியில் சப்பைக்கொம்பி வாயைத் திறந்தது. "நான் எதையும் பார்க்கலை."

"நானும் பார்க்கலை."

"நானும்தான்!"

"அப்போ புலி?"

"எந்தப் புலி?"

எருமைகள் சேறு தெறிக்கத் தெறிக்கச் சிரித்தன. பிறகு காடையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தின.

அன்று சாயங்காலம் அவை மேட்டிலிருந்து இறங்கின. தங்கள் கருத்து பலிப்பதைப் பார்க்கக் கொக்கும் குரங்கும் வந்து கரையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காய்ந்த பனைமட்டை தடாலென்று விழுந்தது!

வால்கள் எல்லாம் தூக்கிக்கொண்டன. காடை முட்டைகளின் மேல் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"ஏய், நீ ஏதாவது பார்த்தியா?"

"இல்லையே. நீ?"

"மட்டை விழுந்துச்சுடி!"

வால்கள் இறங்கின. எருமைகள் ஆடி அசைந்து கூட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தன.

"நில்லுங்கள்! நீங்களே சொன்ன குலவழக்கப்படி ஓடியாக வேண்டும்!" என்று கத்தியது கொக்கு.

"ஐயோ, புல் என்னாவது!" என்று தலையில் அடித்துக்கொண்டது குரங்கு.

இருவரும் கூடிக் கூடிப் பேசினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். "ஓடவில்லை என்பதால், இவை எருமைகளே அல்ல!"

எருமைகள் காதில் வாங்கவில்லை. சப்பைக்கொம்பி மட்டும் கூட்டருகே தயங்கி நின்றது. "இனிமேல் ஓட மாட்டோம், காடை. முதல்ல ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்குவோம்."

"நேத்தே உங்களில் ஒருத்தி கேட்டிருந்தா என் பிள்ளைகள் எல்லாமே பிழைச்சிருக்குமே, அக்கா" என்றது காடை.

சப்பைக்கொம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போனது.

நீதி: பலர் கூடிச் செய்த காரியத்துக்குக் காரணம் தேடுகிறவர், செய்தவர்கள் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லும்படி முதலில் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.