குருவம்மாள் வாசல் தண்ணீர்

எங்கள் நகராட்சிக்குத் தணிகைநாதன் ஆணையராக இருந்தபோது நடந்தது இது. பள்ளத்தெருவில் குருவம்மாள் வீட்டு வாசலில் ஓயாமல் தண்ணீர் தேங்கியது. சுகாதாரக்கேடு என்று அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். போவோர் வருவோரெல்லாம் நின்று படித்தார்கள். அவள் குழாயடிக்குப் போகவே கூசினாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

மேல்முறையீட்டு விசாரணையன்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆணையர் முன் நின்றாள்.

"அது என் வீட்டுத் தண்ணி இல்லீங்க ஐயா."

"உன் வாசலில் நிற்பது உன் தண்ணீர்தான். இல்லையென்றால் அந்தத் தண்ணீரையே வந்து சாட்சி சொல்லச் சொல்!" என்றார் அவர்.

அறையே சிரித்தது. குருவம்மாள் கூனிக் குறுகிப்போனாள். ஆனாலும் கேட்டாள்.

"அப்ப அது என் தண்ணிதானுங்களா?"

"சந்தேகமே வேண்டாம்."

"அப்படின்னா என் தண்ணியை ஏன் ஐயா உங்க மாடித் தொட்டியில வச்சிருக்கீங்க? காலையில அது வர்ற வழியே மேட்டுக்கு நடந்தேன். உங்க பங்களாத் தொட்டி நிரம்பி வழிஞ்சு, மதில் ஓட்டை வழியா எங்க தெருவுக்கு இறங்குது."

யாரும் சிரிக்கவில்லை. "நோட்டீஸ் ரத்து" என்று முணுமுணுத்த ஆணையர் நிமிரவே இல்லை. ஒரு மனுஷன் இப்படிக் கூசி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்க ஐயா, போதும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.