போதும் என்று சொன்ன செடி

முன்னொரு காலத்தில், மழை ஓயாத ஒரு காட்டுக்குப் பக்கத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்ததாம். அதை ஆண்டவள் பூங்கோதை. அவள் பந்தியில் உட்கார்ந்தவன் லேசில் எழுந்திருக்க முடியாது. “போதும் தாயி” என்று இலையை மறைத்தால், கைமேலேயே சோறு விழும்.

“வெட்கப்படுறான். இன்னும் போடு” என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி, மாறன். அவன் பாடினால் காக்கைகூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். ஒருநாள் காட்டுக்குள் போனவன், அங்கே ஒரு மந்திரவாதி வளர்த்த கொடியில் ஒரு குருத்தை விளையாட்டாய்க் கிள்ளிவிட்டான். மந்திரவாதி கையைத் தட்டினான். மாறன் நின்ற இடத்தில் நாலு அகன்ற இலையோடு ஒரு செடி நின்றது.

அக்கா ஓடிவந்து மந்திரவாதி காலில் விழுந்தாள்.

“வீட்டுக்குள் வைத்து வளர்த்துப் பார். புதுக் குருத்து விரிந்தால் தம்பி வருவான். இலை உதிர்ந்தாலோ, இலைக்கு ஒன்றாய் அவனிடமிருந்து ஏதாவது போகும். போனது திரும்பாது” என்றான் அவன்.

பொன் குடத்தில் நட்டாள்.

“அடியில ஓட்டை வேணுமேம்மா” என்றாள் தோழி.

“பொன் குடத்துக்கு யாராவது ஓட்டை போடுவாங்களாடி?”

காலையில் ஊற்றினாள், மதியம் ஊற்றினாள், சாயங்காலமும் ஊற்றினாள்.

“போதும்க்கா” என்றது செடி.

“வெட்கப்படுறான்” என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள். ஓர் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மெல்லப் பாடிக்கொண்டிருந்த செடி பாட்டை மறந்தது.

“ஐயோ, வாடுறானே” என்று மேலும் ஊற்றினாள்.

“போதும்க்கா.”

“வெட்கப்படுறான்.” இரண்டாவது இலையோடு சிரிப்பு போனது.

மூன்றாவதும் உதிர்ந்தது. அவள் செம்பைச் சாய்த்தாள்.

“போதுங்க” என்றது செடி. “நீங்க யாரு?”

செம்பு கை நழுவி விழுந்தது. அப்போதுதான் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரே சேறு, அழுகல் நாற்றம். தம்பி வெட்கப்படவில்லை, மூச்சு முட்டித் தவித்திருக்கிறான்.

அழுகிய வேரை நறுக்கினாள். ஓட்டையுள்ள மண்சட்டியில் மணலும் கரித்துண்டும் கலந்து நட்டாள். வெயில் படாத, வெளிச்சம் வரும் சன்னல் ஓரம் வைத்தாள். மிஞ்சிய ஓர் இலையை ஈரத்துணியால் துடைத்தாள். விரலில் மண் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். மற்ற நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டம்.

கடைசியில் ஒரு குருத்து சுருள் விரித்தது. மாறன் எழுந்து நின்றான்.

அவனுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினாள்.

“போதுங்க” என்றான், யார் வீட்டுக்கோ வந்தவன் மாதிரி.

அகப்பை அந்தரத்திலேயே நின்றது. அவள் கண் நிறைந்ததைப் பார்த்து, பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டான். “நீங்களும் உட்காருங்க.” ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு, நிறுத்திக் கேட்டான்: “போதுமா?”

அந்தக் கேள்வியை அவள் அதுவரை யாரிடமும் கேட்டதே இல்லை.