தூதுவன் வரும் நேரம்

"டீச்சர், அந்தத் தூதுவன் கொஞ்சம் சீக்கிரம் வந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

செங்கமலம் இதைக் கேட்டபோது டுடோரியலில் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

நிலோபர் டீச்சருக்குச் செங்கமலத்தின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் டீச்சர் உட்காராமல் செங்கமலம் உட்காரமாட்டாள்.

செங்கமலம் அங்கன்வாடியில் உதவியாளர். பன்னிரண்டாவது தேறினால் அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மனுப் போடலாம். போன தடவை தமிழ்ப் பாடத்தில் மட்டும் போய்விட்டது. நாளைக்கு மறுபடியும் அதே பரீட்சை.

"போன தடவை என்ன எழுதினீங்க, அக்கா?"

"தூதுவன் நேரத்துக்கு வந்துட்டான்னு."

"இளவரசன்?"

"பொழைச்சுக்கிட்டான். வீட்டுக்குப் போய் சாப்பிட்டான்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பாடத்தில் இருக்கும் பழைய நாடகத்தில் அப்படி நடக்கவில்லை. யாரோ சொன்ன பொய்யை நம்பி ராஜா தன் ஒரே மகனுக்கு மரணதண்டனை கொடுக்கிறான். உண்மை தெரிந்ததும், நிறுத்தச் சொல்லித் தூதுவனை அனுப்புகிறான். வழியில் ஆற்றில் வெள்ளம். தூதுவன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.

"முடிவு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர். எழுதக் கை வரல. புள்ளைங்களுக்குக் கதை சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு. என் கதையில புலிகூட சுண்டல்தான் திங்கும்."

"கடைசிக் காட்சியைப் படிச்சீங்களா?"

"அந்தப் பக்கம் வந்தா கண்ணு தானா தாண்டிப் போயிடுது."

டீச்சர் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்தாள்.

"வெளியே போங்க."

செங்கமலத்தின் முகம் சுருங்கியது.

"கோவிச்சுக்கல அக்கா. நீங்கதான் தூதுவன். கதவைச் சாத்திட்டு வெளியே நில்லுங்க. நான் இளவரசன். நான் பேசி முடிச்சதும் உள்ளே வரணும். அதுக்கு முன்னாடி வரக்கூடாது."

செங்கமலம் போனாள். டீச்சர் வாசிக்கத் தொடங்கினாள்.

"காவலனே, பொழுது விடிந்துவிட்டதா?"

கதவு திறந்தது.

"ராஜா விட்டுடச் சொன்னார்."

"அக்கா."

"சரி, சரி."

மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை காவலன் இளவரசனின் கைகளைக் கட்டும் இடம்வரை போனது.

கதவு திறந்தது.

"ஆத்துல வெள்ளம் என்னாச்சு?"

"வடிஞ்சிடுச்சு டீச்சர்."

இருவருமே சிரித்துவிட்டார்கள். பிறகு டீச்சர் கேட்டாள்.

"ரெண்டு தடவையும் அவன் வாயைத் திறந்தான், அக்கா. என்ன சொல்ல வந்தான்?"

செங்கமலம் அவளாகவே வெளியே போனாள்.

அவளாகவே கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீச்சர் வாசித்தாள். பொழுது விடிந்தது. கைகள் கட்டப்பட்டன. கதவு திறக்கவில்லை.

"காவலனே, என் தந்தையிடம் சொல். நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தேன். ராஜா என்பதையும் மறந்து, என் கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சூடு இன்னும்..."

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கதவின் தாழ்ப்பாள் லேசாக ஆடியது.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும் அக்கா. உள்ளே வாங்க."

தாழ்ப்பாளின் ஆட்டம் நின்றது.

"அவன் இன்னும் பேசி முடிக்கல, டீச்சர்."