திருடன் விரலும் பொறிச்சியின் வாயும்

காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு வீடு. அதன் கொல்லையில் பொறிச்சி என்றொரு கிழட்டுக் கோழி இருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளைப் பொறி. ஆறு வயதாகியும் முட்டை வைத்தாள். வைத்த சேதியைக் குளத்துத் தவளைக்கும் கேட்கும்படி கொக்கரித்துச் சொன்னாள்.

பொறிச்சிக்கு ஒரே ஒரு பகையாளி. காட்டிலிருந்து வரும் மொட்டைவால் குரங்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய முட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அன்று முதல் அவன் தலை மதில்மேல் தெரிந்தால் போதும்.

"திருடன்! முட்டைத் திருடன்!" என்று கத்துவாள்.

"ஒரே ஒரு முட்டை, அக்கா! அதுவும் ரெண்டு வருஷமாச்சு!"

"ரெண்டு வருஷமானா முட்டை திரும்பி வந்துடுமாடா?"

ஒருநாள் காலையில் பொறிச்சி ஒரு பெரிய முட்டையை முக்கி முக்கி வைத்தாள். முட்டை வந்தது. முட்டை வரும் வழியின் உள்சதையும் கூடவே பிதுங்கி வந்துவிட்டது. பழுத்த தக்காளி மாதிரி பின்னால் தொங்கியது. உள்ளே திரும்பிப் போகவில்லை.

கோழிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிவப்பாக எதைக் கண்டாலும் கொத்திப் பார்க்கும்.

"பெரியம்மா! உங்க பின்னால ஏதோ பழம்!" என்று இளசான வெடைக்கோழி ஒருத்தி ஒரு கொத்து கொத்தினாள்.

"பழமில்லடி! அது நான்டி!"

யார் கேட்டார்கள்? நேற்றுவரை 'பெரியம்மா, பெரியம்மா' என்று பின்னாலேயே வந்தவர்கள்தான். இன்றும் பின்னாலேயே வந்தார்கள், கொத்துவதற்கு! சேவலும் கூட வந்தான். பொறிச்சி கொல்லையை மூன்று சுற்று ஓடி, அங்கே கட்டியிருந்த மயிலைப் பசுவின் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டாள்.

பசு ஒரு உதை விட்டாள். கூட்டம் சிதறியது. ஆனால் கலையவில்லை. எட்ட நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது.

பசு குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏ புள்ள, இது அடி தள்ளுறது. நான் கன்னு போட்டப்ப எனக்கும் இப்படித்தான் ஆச்சு. மாட்டு டாக்டர் வந்தார். கழுவினார். சர்க்கரையை அப்பினார். வீக்கம் வத்தினதும் மெதுவா உள்ள தள்ளினார். நல்லாயிட்டேன்."

"அப்ப எனக்கும் தள்ளு!"

"என் குளம்பால தள்ளினா நீ வாய் வழியா வந்துடுவே! இதுக்கு விரல் வேணும். வீட்டுக்காரங்க வயலுக்குப் போயிட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் இந்தக் கூட்டம் உன்னை விட்டு வைக்காது. இங்க விரல் இருக்கிறது ஒருத்தனுக்குத்தான்."

மதில்மேல் மொட்டைவால் உட்கார்ந்திருந்தான்.

"அவனா? அவன் கை என்மேல படுறதுக்கு நான் சாகலாம்!"

"சரி, சாவு!" என்று பசு வைக்கோலை மெல்ல ஆரம்பித்தாள்.

பொறிச்சி கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு வெடைக்கோழி அலகைத் தரையில் தீட்டிக்கொண்டிருந்தாள். பொறிச்சி மதிலைப் பார்த்தாள்.

"வரச்சொல்லித் தொலை!"

மொட்டைவால் குதித்து வந்தான். முதலில் அடுப்படி ஜன்னலில் கையை விட்டு, சர்க்கரை டப்பாவையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்து வந்தான்.

"அக்கா, இதுவும் திருட்டுதான். வேணாம்னா திருப்பி வெச்சிடறேன்!"

பொறிச்சி வேறு பக்கம் பார்த்தாள்.

அவன் தன் விரல் நகத்தைக் கடித்து மழமழவென்று ஆக்கினான். வெயிலில் கிடந்த குளத்தோரத் தண்ணீரைச் சிரட்டையில் இளஞ்சூட்டோடு மொண்டு வந்து, மண்ணும் தூசும் போகக் கழுவினான். சர்க்கரையை அப்பினான். கொஞ்ச நேரத்தில் தக்காளி சுண்டைக்காயானது. விரலில் எண்ணெயைத் தடவி மெல்லத் தள்ளினான். உள்ளே போய்விட்டது!

"திருட்டுப் பயலே! கையா இது, உலக்கையா?" என்று பொறிச்சி கத்தினாள்.

புளுக்! மறுபடி வெளியே வந்துவிட்டது.

அவன் மறுபடி தள்ளினான்.

"முட்டை தின்ன கைதானே இது!"

புளுக்!

பசு தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் வாலால் முதுகில் அடித்துக்கொண்டாள். "அடியே, திட்டும்போதெல்லாம் முக்குறே! முக்கினா வெளிய வராம என்ன செய்யும்? வாயை மூடு!"

"திட்டாம எப்படி இருக்கிறது? ரெண்டு வருஷப் பகை!"

"பகையை வெச்சுக்கோ. சத்தத்தை மட்டும் விடு!"

பொறிச்சி கண்ணை மூடினாள். அலகை இறுக்கினாள். தொண்டைவரை வந்த 'திருடனை' விழுங்கினாள். மொட்டைவால் மூன்றாம் தடவை தள்ளி, விரலை எடுக்காமல் நூறு எண்ணும் வரை பிடித்திருந்தான். அவனுக்குப் பத்துக்குமேல் எண்ணத் தெரியாது. பத்தையே பத்துத் தடவை எண்ணினான்.

இந்தத் தடவை உள்ளேயே நின்றது!

"வெளிச்சம் குறைஞ்சா கோழிங்க முட்டை வைக்கிறதில்லையே! டேய், இவளை இருட்டுல வை. முட்டை நின்னாத்தான் புண் ஆறும்" என்றாள் பசு.

மொட்டைவால் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அவளை உள்ளே விட்டான். மேலே சாக்கைப் போர்த்தினான். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கூடையைச் சுற்றிச் சர்க்கரை கிடந்தது. உள்ளே கோழி தூங்கியது. ஒன்றும் புரியாவிட்டாலும் கூடையை எடுக்கவில்லை. தண்ணீரும் கொஞ்சம் கம்புத் தானியமும் வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பொறிச்சி வெளியே வந்தாள். யார் யார் எத்தனை கொத்து கொத்தினார்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் நின்று சொன்னாள். சேவலிடம் இரண்டு தடவை சொன்னாள். மேலும் பத்து நாள் கழித்து ஒரு சின்ன முட்டை வைத்தாள். வலிக்கவில்லை! அதை உருட்டிக்கொண்டு மதிலடிக்குப் போனாள்.

"டேய் திருடா!"

மொட்டைவால் பயந்துபோய் மரத்துக்குத் தாவினான். "அக்கா, இன்னிக்கு நான் ஒண்ணும் எடுக்கல!"

"தெரியும்டா. இது நானா குடுக்கிறது. இறங்கி வந்து தின்னு!"

அவன் இறங்கி வந்து முட்டையை உடைத்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா திருடினதுல இருந்த ருசி இதுல இல்லையே!"

"அதை ஞாபகம் வெச்சிருக்கியா? நானும்தான்!" என்று பொறிச்சி கொக்கரித்தாள். பசு சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வைக்கோல் பறந்தது.

ஒருவன் செய்த கெடுதலை மறக்காதவர்கள், அவன் செய்த உதவியையும் மறக்கக் கூடாது.