கருத்துச் சொல்ல வந்த ஏரி

ஏரிக்குள்ளேயே மனை போட்டுவிட்டு, அங்கே ஏரியே கிடையாது என்று சாதித்த புண்ணியவான் தனப்பிரகாசம். சுற்றுச்சூழல் அதிகாரி நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் அந்த மனையிலேயே பந்தல் போடச் சொன்னார்.

“நாற்காலிக்கு அடியில பலகை போடட்டுமா மொதலாளி?” என்றான் பந்தல்காரன் மாசானம்.

“கட்டாந்தரைக்கு எதுக்குடா பலகை? நீ வாயைத் திறக்காதே.”

மாசானம் பலகைகளைத் திருப்பி வண்டியில் ஏற்றினான்.

கூட்டத்தில் தனப்பிரகாசம், “இங்கே சொட்டுத் தண்ணி கிடையாது” என்று முழங்கிவிட்டு, தன் சிம்மாசனத்தில் சாய்ந்தார். அது மெல்லப் புதைந்தது. பட்டு வேட்டி முழங்கால்வரை நனைந்தது.

“என்னடா இது, மாசானம்?”

“இப்போ வாயைத் திறக்கலாமா மொதலாளி?” என்று கேட்டுக்கொண்டு, அவன் அதிகாரியைக் கும்பிட்டான். “யார் வேணும்னாலும் வந்து கருத்துச் சொல்லலாம்னு நோட்டீஸ் ஒட்டினீங்களே ஐயா. ஏரி வந்திருக்கு.”